கடைக்கு வந்த ஆடுபுலி, கடையை விட்டுப் போன காமிக்ஸ்

நெய்வேலி புத்தகக் கண்காட்சி 1998-லிருந்து என்.எல்.சி. நிறுவனம் நடத்துகிற விழா. எழுத்தாளர் கௌரவிப்பு, குறும்படப் போட்டி என்று ஒரு பதிவருக்கு எழுத அங்கே விஷயம் நிறைய உண்டு. அதையெல்லாம் இந்தத் தடவை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாட்டு, பொம்மை, காமிக்ஸ் இந்த மூன்றை மட்டும் பார்ப்பது என்று நோட்டோடு போனேன். மூணுமே சின்னப் பசங்க சமாச்சாரம்னுதானே நினைக்கிறோம்? யார் வாங்குறாங்கன்னு கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, கணக்கு வேற மாதிரி இருக்கும்.

முதலில் காமிக்ஸ். புரட்டிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். கூட வந்த பிள்ளைகளோ அப்பாவின் கையைப் பிடித்து பொம்மைக் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்குக் காரணம் உண்டு.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மாயாவி நம்மூர்க்காரர் இல்லை. 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். (அனல்மின் நிலையம் இருக்கிற நெய்வேலியில் அவருக்குக் கஷ்டமே இருந்திருக்காது!) 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன.

அன்றைக்கு காமிக்ஸ் கிடைத்த இடம் பெட்டிக்கடையும் பஸ் ஸ்டாண்டும். கையில் இருக்கிற சில்லறைக்கு ஒன்று வாங்கலாம். ஒருத்தன் வாங்கினா தெருவே படிக்கும். பிறகு டி.வி. வந்தது, வாங்குவோர் குறைந்தார்கள். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயன், 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்று 100 ரூபாய் இதழோடு திரும்பி வந்தது. அதன்பிறகு வழவழப்பான தாள், முழு வண்ணம், ஐரோப்பிய ஆல்பங்கள். விற்பனையும் பெரும்பாலும் சந்தா, ஆன்லைன், புத்தகக் கண்காட்சி என்று மாறியது.

விலை ஏன் ஏறியது என்று திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு பார்க்கலாம். கதை உரிமைக்கான தொகை, மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு இவையெல்லாம் எத்தனை பிரதி அடித்தாலும் ஏறக்குறைய அதே செலவுதான். பிரதி குறைந்தால் ஒவ்வொரு பிரதியின் தலையிலும் அது கூடுதலாக விழும். விலை ஏறும். விலை ஏறினால் பசங்க கைக்காசுக்கு எட்டாது, பழைய வாசகர் மட்டும் மிஞ்சுவார். அவருக்காக இன்னும் நல்ல தாளில் போட வேண்டும். இது ஒரு சுழல். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

விளையாட்டு போன பாதை இதற்கு நேர்மாறு. ஆடுபுலி ஆட்டத்துக்கும் பல்லாங்குழிக்கும் கடையே தேவைப்பட்டதில்லை. கோயில் மண்டபத் தரையிலும் திண்ணையிலும் கோடு கிழித்து, புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைத்து ஆடினார்கள். அந்தக் கோடுகளையும் குழிகளையும் பழைய மண்டபங்களில் இன்னும் பார்க்கலாம். பெட்டிக்குள் போட்டு விற்கிற வித்தையை முதலில் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பச்சீசியிலிருந்து வந்த ‘லூடோ’வுக்கு 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்காமல் ஆடும் பரமபதம், பாவ புண்ணியக் கணக்கைக் கழற்றிவிட்டு ‘ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ ஆனது. நம் பக்கத்தில் சென்னையின் க்ரீடா நிறுவனம் 2002-லிருந்து மரபு விளையாட்டுகளைப் பெட்டியில் தருகிறது. திண்ணையே இல்லாத குவார்ட்டர்ஸிலும் ஃபிளாட்டிலும் வளரும் பிள்ளைக்கு வேறு வழியில் இது கண்ணில் படாது என்பதால், இது நல்ல காரியம்தான்.

ஆனா பெட்டி வாங்குறவங்களும் பெரும்பாலும் “நாங்க சின்ன வயசுல...”ன்னு ஆரம்பிக்கிறவங்கதான். வீட்டுக்குப் போனதும் அது ஷோகேஸில் ஏறிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

பொம்மைக்கும் இதே கதை. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி, கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். அது பார்க்கிற பொம்மை, தொட்டால் வீட்டில் திட்டு விழும். பிள்ளைகள் கை வைக்கிற பொம்மை பிளாஸ்டிக்தான். அதை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு.

ஆக, மூன்றையும் இன்று தாங்கி நிற்பது பெரியவர்களின் ஞாபகம். ஞாபகத்துக்கு ஆயுசு ஒரு தலைமுறைதான். அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால் விற்றால் மட்டும் போதாது. ஆட வேண்டும், இரவல் தர வேண்டும். கண்காட்சியில் விளையாட்டு விற்கும் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு பலகையைப் போட்டு, வருகிற பிள்ளைகளை ஆடவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை நம்ம வீட்ல. ஒரு சாக்பீஸ் போதும். உச்சிப் புள்ளியிலிருந்து நாலு கோடு சரிவாக இறக்குங்கள். குறுக்கே மூணு கோடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி. அந்த முனைகளைப் பக்கவாட்டில் சேருங்கள். அடியில் நாலு கோட்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் 23 புள்ளி வரும். மூணு புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்; எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் நகர்த்தலாம். ஒட்டியிருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, காலிப் புள்ளியில் குதித்தால் புலிக்கு ஆடு கிடைக்கும். மூணு புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது.

முதல் ஆட்டத்தில் பிள்ளைக்குப் புலியைக் கொடுங்க. ஆடு வைத்துப் புலியை அடைக்கிறதுதான் கஷ்டம். அது புரிஞ்ச அன்னைக்கு “இன்னொரு ஆட்டம்”னு அவங்களே வருவாங்க. பரணில் பழைய காமிக்ஸ் இருந்தா அதையும் இறக்கி, தூசி தட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுங்க. கிழிஞ்சு திரும்பி வந்தா சந்தோஷப்படுங்க, படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.