மூத்திரப்பை இறங்கும் ஹெர்னியா

ஸ்ரீ இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இன்று யந்திர சாலைகள் நிறைந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதலும், ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு முதலும் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகி வருகின்றன. இத்தகைய இடங்களில் பாரம் தூக்குவோரும், வாயிலில் காவல் நிற்கும் முதியோரும் வெட்கத்தினால் மறைத்து வைக்கும் வியாதி ஒன்றுண்டு. தொடையிடுக்கில் தோன்றும் வீக்கமே அது. ஜனங்கள் அதைக் குடலிறக்கம் என்பர். டாக்டர்கள் ஹெர்னியா என்பர்.

வயிற்றுச் சுவர் பலவீனப்பட்ட இடத்தின் வழியே உள்ளுறுப்பு பிதுங்குவதால் இது உண்டாகிறது. பெரும்பாலும் இறங்குவது குடலோ கொழுப்போதான். ஆயினும் இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 1 முதல் 4 பேர் வரை மூத்திரப்பையின் ஒரு பாகமும் உடன் இறங்கிவிடுகிறது. 50 வயதைக் கடந்த ஆடவர்களுக்கும், அவர்களுள் ஸ்தூல சரீரமுடையோருக்கும், பிராஸ்டேட் சுரப்பி பருத்து முக்கிச் சிறுநீர் கழிப்போருக்கும் இது அதிகம்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. சிறுநீர் கழித்ததும் வீக்கம் சிறுத்துவிடும். வீக்கத்தை அமுக்கினால் மறுபடியும் சிறுநீர் வரும். இச்சிறு செய்தியை டாக்டரிடம் சொல்லாமல் விடலாகாது. ஏனெனில், பலருக்கு வேறு குறியே இராது. முன்கூட்டி அறியாமல் ரண சிகிச்சை தொடங்கினால், ஹெர்னியாவின் பையென்று எண்ணி மூத்திரப்பையிலேயே கத்தி பட்டுவிடக்கூடும். சந்தேகம் எழுந்தால் அல்ட்ராசவுண்டு, சி.டி. ஸ்கேன் பரிசோதனைகள் உண்மையைக் காட்டிவிடும்.

பிறகு சிகிச்சை கடினமன்று. குழாய் வைத்து மூத்திரத்தை வடித்து, பையை முழுதாகவே அதன் ஸ்தானத்தில் சேர்த்து, பலவீனமான சுவரின்மேல் வலை வைத்துத் தைப்பார்கள். பையின் பாகம் அழுகியிருந்தாலோ, அதில் கட்டி இருந்தாலோ வெட்டி எடுக்க நேரும். பிராஸ்டேட் தடையையும் நீக்க வேண்டும். இல்லாவிடில் முக்குவதால் வியாதி திரும்பலாம்.

வலையின் விலைக்கு அஞ்சிய ஏழைகளுக்காக, மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சாவில் வைத்தியம் செய்த டாக்டர் டோங்காவ்ங்கர், நம் நாட்டுக் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி உபயோகித்தார். அதன் பலனை அவரும் சகாக்களும் 2003-ல் வெளியிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கோ இச்சிகிச்சை கட்டணமின்றியே கிடைக்கும்.

ஆகவே பணத்தைவிட வெட்கமே பெரிய தடை. வீட்டுப் பெரியவர் இரவில் பலமுறை எழுந்தால், இல்லத்தரசிகள் தயங்காமல் விசாரிக்க வேண்டும். வீக்கம் உள்ளே போகாமல் கடுத்து, வலியும் வாந்தியும் கண்டால், பொழுது விடியக் காத்திராமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.