நாலு பேருக்கு ஒரு தோணி

சாய்ந்தமருதிலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருக்கிறார்: "ஐப்போகுளோரைற்று, தயோசல்பேற்று இரண்டையும் ஒரே செறிவில் எடுத்தோம். மொத்தம் 50 மில்லிலீற்றர். சரிபாதி கலந்தபோது ஏறிய வெப்பநிலை, உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. 40க்கு 10 என்றபோதுதான் உச்சம். வெப்பமானிக்கு மூல் விகிதம் எப்படித் தெரியும்?"

ஐப்போகுளோரைற்று நமக்குப் பழக்கமானது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் இட்ட குளோரின் மருந்தில் வேலை செய்ததும் அதுதான்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு முன்னால் போய் நிற்போம். ஆட்களும் தோணிகளும் சேர்த்து எப்போதும் 50. ஒரு தோணிக்கு நாலு பேர் வேண்டும். 25 பேர், 25 தோணி என்றால் ஆறு தோணிதான் கடலுக்குப் போகும். 40 பேர், 10 தோணி என்றால் பத்தும் போகும். 45 பேர், 5 தோணி என்றால் ஐந்துதான். ஆள் ஐப்போகுளோரைற்று, தோணி தயோசல்பேற்று, பிடிபடும் மீன் வெப்பம்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். கரையில் மீனைப் பங்கிடும்போது தோணிக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? கோப்பைக்குள்ளும் அப்படித்தான். கடலுக்குப் போனவர், கரையில் நின்றவர், சும்மா கிடந்த தோணி என்று ஐம்பதுக்கும் வெப்பம் சமமாகப் பிரிகிறது. அந்த ஒரு பங்குதான் வெப்பநிலை ஏற்றம். மொத்தக் கனவளவை மாற்றாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்: பங்காளிகள் கூடவோ குறையவோ இல்லாதபோது, பங்கின் அளவே எத்தனை தோணி போனது என்று சொல்லிவிடும்.

ஐப்போகுளோரைற்றின் கனவளவுக்கு எதிரே வெப்பநிலை ஏற்றத்தைக் குறித்தால், வரைபில் இரண்டு நேர்கோடுகள் வரும். ஆள் போதாத பக்கம் மெல்ல ஏறும். தோணி போதாத பக்கம் சடுதியாக இறங்கும். இறக்கத்தின் சரிவு ஏற்றத்தின் சரிவைப்போல் நாலு மடங்கு! உச்சியைக் கையால் மறைத்தாலும் கோடுகளே விடையைச் சொல்லும்.

மொத்தத்தை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றும் இம்முறையை 1928இல் விரிவாக எழுதிய பிரெஞ்சு வேதியியலாளர் ஜொப் அளந்தது வெப்பத்தை அல்ல, கரைசல் உறிஞ்சிய ஒளியை. வரலாறு இவ்வளவு போதும்.

விலைகூடிய டிஜிட்டல் வெப்பமானி இருந்தால் விகிதம் தானாக வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். ரெஜிபோம் கோப்பையும், ஒரே வெப்பநிலையில் தொடங்கும் இரண்டு கரைசல்களும், ஆறேழு அளவீடுகளும்தான் முக்கியம். கூடிய வாசிப்பை அப்படியே விடையாக எடுக்காமல், கோடுகளை நீட்டிச் சந்திக்க விடுங்கள்.

இன்னொன்று: 4:1 என்பது காரக் கரைசலில் தயோசல்பேற்று முழுவதும் சல்பேற்றாகும் தாக்கத்துக்குரிய விகிதம். காரம் இல்லாவிட்டால் தயோசல்பேற்றின் ஒரு பகுதி பாதிவழியில் நின்றுவிடலாம், விகிதமும் மாறும். அதைச் சோதிக்க மட்டும் அமிலத்தை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.