காது பழகினாலும் உடல் பழகுவதில்லை

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறிய பின்னரும் காதுக்குள் இரைச்சல் கேட்கிறதா? "அம்மா, ஏன் கத்திக் கதைக்கிறீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்களா? ஆடைத் தொழிற்சாலையிலும் நெசவு ஆலையிலும் வேலை செய்யும் சகோதரிகள் பலருக்கு இது புதிதல்ல. "முதல் மாதம் கஷ்டம், பிறகு பழகிவிட்டது" என்பார்கள்.

2009இல் போர் முடிந்த பின்னர் வவுனியா, கிளிநொச்சி போன்ற இடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு அந்தச் சம்பளமே ஆதாரம். வேலையை விட முடியாது. ஆனால் உழைப்பதற்கு உடல் நலமும் வேண்டுமல்லவா?

பெரும் சத்தம் கேட்டதும் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஷெல் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய நாட்களில் நெஞ்சு படபடத்தது நினைவிருக்கும். தொழிற்சாலை இரைச்சல் அவ்வளவு பயங்கரமானதல்ல. ஆயினும் அது நாள் முழுவதும், ஆண்டுக் கணக்கில் தொடர்கிறது. இரைச்சலில் நீண்டகாலம் வேலை செய்தவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பரம்பரை, உப்பு, உடற்பருமன் ஆகியனவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தம் காதுக்குத் தீங்கானது. இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்கும் தோழியுடன் கதைக்கக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், சத்தம் அந்த அளவை எட்டியிருக்கக் கூடும்.

நாம் செய்யக்கூடியவை:

காதடைப்பான் தந்தால் ஒழுங்காக அணியுங்கள். வெறும் பஞ்சு போதாது. தராவிட்டால் தனியே கேட்கத் தயங்காமல், நாலு பேராகச் சேர்ந்து மேற்பார்வையாளரிடமோ ஊழியர் சபையிடமோ கேளுங்கள். தேய்ந்த, ஆடும் பாகங்களைத் திருத்தினாலே இயந்திரத்தின் சத்தம் குறையும். ஓய்வு வேளையில் இரைச்சலுக்கு வெளியே வந்து இருங்கள்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தால்தான் தெரியும். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பின் அளக்க வேண்டும். அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம். இன்னொரு நாளும் அளந்து வைத்தியரிடம் காட்டுங்கள். என்ன வேலை, எவ்வளவு இரைச்சல் என்பதையும் சொல்லுங்கள். மருந்து தந்தால் இடையில் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் கிளினிக் நாளைத் தவறவிடவே கூடாது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஓடுகிறோம். இந்த மாதம் ஒரு நாள் நமக்காகவும் வைத்தியசாலைக்குப் போய் வருவோம்.