கல்லீரல் தளர்ந்தால் அட்ரீனலும் திணறும்

ஏலப்பாறைப் பக்கம் ஈரல் நோய் முற்றியவரைக் குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாக மலையிறக்கிக் கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவது உண்டு. 2022-இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே நடந்த மருத்துவமனை அது. காமாலையும் வயிற்றில் கட்டிய நீரும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் மருந்து ஏற்றியும் ரத்த அழுத்தம் ஏறாதபோது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளையும் சந்தேகிக்க வேண்டும். நோய்த்தொற்று, ரத்தக்கசிவு போன்ற நெருக்கடிகளில் உடலைத் தாங்குவது அவை சுரக்கும் கார்ட்டிசால். அட்ரீனல் அதை இருப்பு வைப்பதில்லை. தேவைப்படும்போது கொலஸ்ட்ராலிலிருந்து செய்துகொள்கிறது. அந்தக் கொலஸ்ட்ராலைக் கொண்டுவரும் துகள்களில் முக்கியமானது எச்.டி.எல். அதற்கான புரதத்தில் பெரும்பங்கு ஈரலில்தான் உருவாகிறது. ஈரல் கெட்டால் சரக்கு வரத்துக் குறையும். குடலிலிருந்து கசியும் பாக்டீரியா நச்சும் அழற்சியும் சுரப்பியை மேலும் அமுக்கும். அமெரிக்க மருத்துவர் பால் மாரிக்கும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த 340 ஈரல் நோயாளிகளில் 72 விழுக்காட்டினருக்கு அட்ரீனல் குறைபாடு தெரிந்தது. எச்.டி.எல். குறைந்தவர்களிடமே அது கூடுதலாக இருந்தது.

இது அளவீட்டுப் பிழை என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. ரத்தத்தில் கார்ட்டிசாலின் பெரும்பகுதி, ஈரல் தயாரிக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டே ஓடுகிறது. அந்தப் புரதம் குறைந்தால் மொத்தக் கார்ட்டிசாலும் குறைவாகவே தெரியும். ஆனால் புரதத்தைப் பற்றாமல் வேலை செய்யும் தனிக் கார்ட்டிசால் போதுமானதாகவே இருக்கலாம். அதனால் 72 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தனிக் கார்ட்டிசாலையும் உமிழ்நீர்க் கார்ட்டிசாலையும் அளந்த ஆய்வுகளில் எண்ணிக்கை குறைந்ததே தவிர, குறைபாடு மறைந்துவிடவில்லை.

அப்படியானால் கார்ட்டிசாலுக்கு ஈடாக எல்லோருக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துவிடலாமே என்றால், அதுவும் சரியல்ல. ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸுடன், நோய்த்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்குக்கும் ஆளான 75 பேரிடம் ரியாத்தில் நடந்த சோதனை 2010-இல் வெளியானது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் கூடுதலானோருக்கு ரத்த அழுத்தம் மீண்டது. உயிரிழப்பு குறையவில்லை, குடல் ரத்தக்கசிவும் ஷாக் திரும்புவதும் கூடின. ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்து மருந்து தொடங்குவதும் தவறு, ஈரலை மட்டும் பார்த்து அட்ரீனலை மறப்பதும் தவறு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவரின் அட்ரீனல் ஏற்கெனவே அடங்கிப்போயிருக்கக்கூடும். அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், ஈரலுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.