இணையச் சந்தையிற் குறை கூறல்

பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, தட்டி, முகர்ந்து, விலை பேசி வாங்குதல் சந்தையின் பழைய வழக்கம். விற்பவனின் முகம் வாங்குபவனுக்குத் தெரியும். அவனுடைய கடை நாளையும் அவ்விடத்திலேயே இருக்கும். பொருள் பழுதாயின் திரும்பிச் சென்று கேட்கலாம். கேட்டும் பயனில்லையாயின் அயலாரிடம் சொல்லலாம். இணையச் சந்தையில் இவ்வசதிகள் இல்லை. ஒரு படமும் சில வரி வருணனையுமே அங்குக் கண்ணிற் படுவன. பணம் முன்னே செல்கின்றது. பொருள் பின்னே வருகின்றது. இவ்விடைக்காலத்தில் வாங்குபவனுக்குள்ள துணை, அவனுக்கு முன் அதே விற்பவனிடம் வாங்கியோர் எழுதிவைத்த சில சொற்களேயாம். ஆகவே, பெற்ற பொருள் குறையுடையதாயின் அக்குறையை யாவரும் காண எழுதுவதா, வாளாவிருப்பதா என்னும் வினா, ஒருவனுடைய மனத்தாங்கலை மட்டும் பற்றிய சிறு வினாப்போலத் தோன்றினும், ஆராயத்தக்கதொன்றாகும்.

விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாமையால் விளையும் கேட்டினை, 1970ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கர்லோவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது பழைய மோட்டார் வண்டிச் சந்தை. நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்று வாங்குவோர் பிரித்தறிய மாட்டாராயின், எல்லா வண்டிக்கும் இடைத்தரமான விலையே கொடுக்க முன்வருவர். அவ்விலை நல்ல வண்டியை வைத்திருப்பவனுக்குக் கட்டுபடியாகாது. அவன் சந்தையை விட்டு நீங்குவான். பழுதான வண்டிகள் எஞ்சும். அதனை உணர்ந்து வாங்குவோர் இன்னும் விலையைக் குறைப்பர். இவ்வாறு, எவரும் எவரையும் நேராக ஏமாற்றாத விடத்தும், அறியாமையொன்றே ஒரு சந்தையைச் சீர்குலைத்துவிடும் என்பது அவர் காட்டிய முடிபு. 2001ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இந்நோய்க்கு மருந்து தேடியதும் இக்காலத்தார் மட்டுமல்லர். 11ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடற்றுறைகளில் வாணிகஞ் செய்த யூத வணிகருடைய கடிதங்கள், கெய்ரோ நகரின் பழைய பகுதியாகிய புஸ்தாத்தில், ஒரு தொழுகைக் கூடத்தின் பண்டகசாலையிற் கிடைத்தன. அவற்றுட் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தொலைவிலுள்ள துறைமுகங்களில் முகவர் வாயிலாக வாணிகஞ் செய்தவர் அவர். பொருளைக் கையாடிய முகவனொருவனைப் பற்றிய செய்தி கடிதங்கள் வாயிலாகப் பரவியபின், அக்கூட்டத்தில் எவரும் அவனுக்கு வேலை கொடார் என்று அவ்னர் கிறைவ் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் 1989இல் எழுதினார். அவருடைய கொள்கையைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் முழுதும் ஏற்றிலர். அவ்வணிகர் நீதிமன்றங்களையும் நாடினர் என்பது அவர் கூற்று. எனினும் கடிதத்தின் வன்மையை மறுத்தல் அரிது. கடிதம் எழுதியவனைப் படிப்பவன் அறிவான். எழுதியவனும் தன் பெயரைப் பிணையாக வைத்தே எழுதினான். இணையத்தில் எழுதுபவனுக்கும் படிப்பவனுக்கும் இடையே அவ்வுறவு இல்லை என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1995ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் பியர் ஒமிடியார் என்பவர் கலிபோர்ணியாவில் ஓர் ஏலத்தளத்தை அமைத்தார். அதுவே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அங்கு முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் சுட்டுகருவியொன்று, விலை 14.83 டொலர். அது பழுதானதென்று தெரியுமோ என ஒமிடியார் வினவ, தாம் பழுதான கருவிகளையே சேகரிப்பவர் என்று வாங்கியவர் விடையிறுத்தாராம். குறையை முன்னரே சொல்லிவிட்டால் குறையுடைய பொருளும் விலைபோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏலம் பெருகப் பெருக, வாங்குவோர் விற்போரைப் பற்றியும் விற்போர் வாங்குவோரைப் பற்றியும் அவருக்கு முறையிடலாயினர். ஒவ்வொரு வழக்கையும் விசாரித்துத் தீர்த்தல் ஒருவரால் இயலுவதன்று. எனவே 1996ஆம் ஆண்டு பெப்ருவரியில், யாவரும் படிக்கத்தக்க கருத்துரைப் பகுதியொன்றை அவர் தொடங்கினார். புகழத்தக்க இடத்துப் புகழ்க, முறையிடத்தக்க இடத்து முறையிடுக என்பதே அன்று அவர் கேட்டுக்கொண்டது. நற்சான்றுக்கு ஒன்று கூட்டுவதும், குறையுரைக்கு ஒன்று கழிப்பதும், நடுநிலையுரைக்கு எண் தராது விடுவதுமாக அம்முறை அமைந்தது. அன்று கருத்துரை எண்பது எழுத்துக்குள் அடங்கவும் வேண்டியிருந்தது. நல்ல தந்திக்காரனுக்கே உரிய சுருக்கம்!

கேட்பதற்கு எளிதாகிய இம்முறை நடைமுறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1999ஆம் ஆண்டு நடைபெற்ற கொடுக்கல் வாங்கல்களை ஆராய்ந்த போல் ரெஸ்னிக், றிச்சட் செக்ஹவுசர் என்னும் அறிஞர் இருவரும், வாங்கியோரிற் பாதிக்கு மேற்பட்டவர் கருத்துரை எழுதினர் எனக் கண்டனர். எழுதுவதால் எழுதுபவனுக்கு ஊதியம் ஒன்றுமில்லை. ஆதலால் இது வியக்கத்தக்கதே. அதனினும் வியப்பு, எழுதப்பட்டவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நற்சான்றாக இருந்தமை. மனிதர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நல்லவராயின் நன்றே. ஆயினும் தபாலில் உடைந்த பண்டங்களும், படத்திற்கு மாறான பண்டங்களும், வந்தே சேராத பண்டங்களும் அத்தனை அருகியனவாயிருத்தல் இயலாது. குறை கண்டோருட் பலர் வாய் திறவாதிருந்தனர் என்பதே பொருந்தும் விளக்கம்.

அவர் வாய் திறவாமைக்கு முதற்காரணம் அச்சம். அந்நாளில் விற்பவனும் வாங்கியவனுக்குக் குறையுரை எழுதலாம். வாங்கியவன் உண்மையைச் சொன்னால், விற்பவன் பழிக்குப் பழியாக அவனைக் குறை கூறுவான். சில விற்போர், வாங்கியவன் எழுதும்வரை தாம் எழுதாது காத்திருந்தனர். அக்காத்திருத்தலே ஒரு மிரட்டல். இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்து ஓய்வதே இலாபமாயிற்று. ஈபே நிறுவனம் 2008ஆம் ஆண்டு மே மாதம் முதல், விற்பவன் வாங்குபவனுக்கு நற்சான்று தவிர வேறெதுவும் எழுதலாகாது என விதித்தது. வாடகைக்கு வீடு தரும் ஏயர்பிஎன்பி நிறுவனம் 2014இல் வேறொரு வழியை மேற்கொண்டது. இருவரும் எழுதிமுடிக்கும் வரை, அல்லது தவணை கழியும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் காணாதவாறு மறைத்துவைத்தது. இவ்விரண்டில் பின்னையதே நேரியதெனத் தோன்றுகின்றது. முன்னையது ஒருவன் கை வாளைப் பறித்து மற்றவன் கையில் விட்டுவிட்டது. இன்னும் ஒரு பண்டத்தை இலவசமாகத் தராவிடில் குறை எழுதுவேன் என்று விற்பவனை அச்சுறுத்தும் வாங்குவோரும் இருத்தல் கூடும் என்பதை உணர்ந்தே, அத்தகைய அச்சுறுத்தலும் அங்குத் தனி விதியால் தடுக்கப்பட்டுள்ளது.

இனி, வாங்கியவன் நிலையை நோக்குவோம். நல்ல நிலையிலுள்ளதென எழுதப்பட்ட பழைய காமராவொன்றை ஒருவன் வாங்குகின்றான் எனக் கொள்க. பெட்டியைத் திறந்து பார்க்க, வில்லையினுள்ளே பூஞ்சணம் படர்ந்திருக்கின்றது. விற்றவன் பெருவணிகனல்லன், வீட்டிலிருந்தவாறே பழம்பொருள் விற்றுச் சீவிப்பவன். இதற்கு முன் அவனுக்குக் கிடைத்த நாற்பது உரைகளும் நற்சான்று. நாற்பத்தோராவது உரை எவ்வாறிருத்தல் வேண்டும்?

அவ்வுரையின் கனத்தை முதலில் நிறுத்துப் பார்த்தல் தகும். ரெஸ்னிக் முதலிய நால்வர் 2006இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், நற்பெயர் பெற்ற விற்பனையாளரொருவர் ஒரே தன்மையான பழைய தபாலட்டைத் தொகுதிகளைத் தம் பெயரிலும் புதுப்பெயர்களிலும் விற்றார். பழைய நற்பெயருக்கு வாங்குவோர் 8.1 வீதம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர். புதுப்பெயரிலிருந்த ஓரிரு குறையுரைகள் விலையைக் குறிப்பிடத்தக்கவாறு குறைக்கவில்லை என்பதும் அதிற் கண்டது. ஆயின் லூயிஸ் கப்ரால், அலி ஹோர்ட்டாச்சு என்னும் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு மாறான தோற்றத்தைத் தருகின்றது. வாரந்தோறும் 5 வீதம் வளர்ந்துகொண்டிருந்த ஒருவனின் விற்பனை, முதற் குறையுரை விழுந்தபின் வாரந்தோறும் 8 வீதம் தேயலாயிற்று. முதற் குறையுரைக்குப் பின் அடுத்தவை விரைந்தும் வந்தன. முதற் கல்லை எறிய அஞ்சியோர் இரண்டாவது கல்லை எறிய அஞ்சுவதில்லை போலும். ஆகவே சிறு வணிகனொருவனுக்கு அவ்வொரு வரி ஒரு வாரத்துச் சோற்றைத் தொடுவதாக இருத்தல் கூடும். எழுதுபவன் இதனை அறிந்தே எழுதுதல் வேண்டும்.

இதனை அறிந்த இரக்கமுள்ளோர் சிலர், போனாற் போகட்டும் என்று விட்டுவிடுவர். இன்னும் சிலர் நற்சான்றே எழுதிவிடுவர். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. தன் நட்டத்தைத் தானே பொறுத்துக்கொண்டு பேசாதிருத்தல் ஒருவாறு பெருந்தன்மையாகலாம். பழுதான பொருளைப் பெற்றவன் நல்ல பொருள் பெற்றேன் என்று எழுதுவதோ பொய்ச்சான்று. அதனை நம்பிப் பணம் அனுப்புபவன் வேறொருவன். தன் பையிலிருந்து கொடுப்பது கொடை. முகமறியாத மூன்றாமவன் பையிலிருந்து கொடுப்பதற்கு அப்பெயர் பொருந்துமாறில்லை. மேலும் அது நேர்மையாக விற்கும் மற்றையோருக்கும் தீங்கு செய்கின்றது. பழுதை மறைத்தவனும் மறையாது உரைத்தவனும் ஒரே புள்ளி பெறுவராயின், அக்கர்லோவ் கூறிய நோய் மருந்துக்குள்ளேயே புகுந்துவிடும்.

குறை எழுதுதல் புறங்கூறலாகாதோ எனின், ஆகாது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தனர். புறங்கூறல் என்பது ஒருவன் இல்லாத இடத்து, அவன் மறுமொழி கூற வழியின்றிப் பழித்தல். இணையச் சந்தையில் எழுதப்படும் குறை விற்பவன் கண்முன்னே நிற்கின்றது. அதன் கீழேயே அவன் தன் விடையை எழுதலாம். இது சபையிற் கூறும் சாட்சியத்தை ஒக்கும். சாட்சியத்திற்குரிய கட்டுப்பாடும் இதற்கு உண்டு: கண்டதைக் கூறலாம், கருதியதைக் கண்டதாகக் கூறலாகாது.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். பூஞ்சணத்தை விற்பவன் கண்டும் மறைத்தானோ, காமராவைப் பற்றி ஏதுமறியாது விற்றானோ என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. தபால் பிந்தியமைக்கு அவன் பொறுப்பாளியாகாமலும் இருக்கலாம். ஆகவே முதலில் அவனுக்கே நேராக எழுதிக் கேட்டல் முறை. அவன் அறியாமையாற் பிழைத்தவனாயின் வருந்திப் பணத்தைத் திருப்பித் தருவான், அல்லது விலையில் ஒரு பகுதியைக் குறைப்பான். அறிந்து பிழைத்தவனாயின் விடை தாரான், அல்லது வாங்கியவன் மீதே பழியைப் போடுவான். பொருளின் நிலையைவிட இவ்விடையே விற்பவனின் தன்மையைத் தெளிவாகக் காட்டுவது. பின்வரும் வாங்குவோருக்கு மிகுதியும் பயன்படுவதும் இதுவே. ஏனெனில் அதே காமரா மீண்டும் விற்கப்படப் போவதில்லை. அதே மனிதன் மீண்டும் விற்கப்போகின்றான்.

பணத்தைத் திருப்பித் தருகின்றேன், ஆனால் நற்சான்று எழுதினால் மட்டும் என்று கூறுவோரும் உளர். அது ஈடு செய்தலன்று, விலை பேசுதல். நற்சான்று எழுதுமாறு நிபந்தனையிட்டுப் பொருளோ பணமோ கொடுத்தலைத் தடை செய்யும் விதி ஐக்கிய அமெரிக்காவில் 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. பொய்க் கருத்துரைகளுக்கு எதிரான சட்டம் பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு மறுதலையான கொடுமையும் நிகழ்ந்ததுண்டு. யூட்டா மாகாணத்துத் தம்பதியர் 2008இல் ஓர் இணையக் கடையில் வாங்கிய சிறு பொருள்கள் வந்து சேரவில்லை. மனைவி அதனைக் குறித்துக் குறை எழுதினார். சில ஆண்டுகளின் பின், நிறுவனத்தைப் பழித்தலாகாது என்ற நிபந்தனை தன் விற்பனை விதிகளில் உண்டெனக் காட்டி, அக்கடை 3,500 டொலர் தண்டம் கேட்டது. வழக்கு நீதிமன்றத்தை அடைந்து, 2014இல் தம்பதியருக்குச் சார்பாகத் தீர்ந்தது. நேர்மையான கருத்துரையைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனைகள் செல்லாவென 2016இல் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றியது.

எழுதுவதென்று துணிந்தபின் சொல்லைத் தேர்தல் வேண்டும். "கள்ளன், இவனிடம் வாங்காதீர்" என்பது எழுதியவனின் சினத்தை மட்டுமே அறிவிக்கின்றது, அதைப் படிப்பவன் எதனையும் கற்றுக்கொள்வதில்லை, சில வேளை அவதூறு வழக்குக்கும் அது வித்தாகும். "வில்லையினுள் பூஞ்சணம், விளம்பரத்திற் கூறப்படவில்லை, இருமுறை எழுதியும் விடையில்லை" என்பது மூன்று செய்தி. படிப்பவன் தானே தீர்ப்புச் செய்துகொள்வான். விற்றவன் பணத்தைத் திருப்பியிருப்பின் அதனையும் சேர்த்தெழுதுதல் நீதி. அந்நிலையில் குறையுரையன்று, நடுநிலையுரையே போதியதாகும். எழுதியபின் விற்றவன் ஈடு செய்தானாயின், உரையைத் திருத்துமாறு அவன் கேட்பதற்கு ஈபேயில் வழியுண்டு. திருத்துவதும் மறுப்பதும் வாங்கியவன் விருப்பம்.

காலமும் கருதற்பாலது. ஈபேயிற் கருத்துரை எழுத 60 நாள் தவணை உண்டு. பெட்டியைத் திறந்த கையோடு சினத்தோடு எழுத வேண்டியதில்லை. பணத்தை மீளக் கேட்கும் முறையீட்டுக்குரிய தவணையோ குறுகியது: பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து பொதுவாக 30 நாள். விற்றவன் விடைக்காகப் பொறுத்திருப்பவன் இச்சிறு தவணையைத் தவறவிட்டானாயின், அவன் கையில் எஞ்சுவது பூஞ்சணம் படிந்த காமராவும் கருத்துரை எழுதும் உரிமையுமே.