கையுறை கடைசிப் படி

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் மாணவர்களில் ஒரு பகுதியினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்கிறார்கள். வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். குறைந்தபட்ச வயது 14. கோடை விடுமுறைக்கு முன்பு வரை நம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை, சில மாதங்களில் சுழலும் லேத் எந்திரத்தின் முன் நிற்கிறது. அறிவியல் ஆசிரியரான நான் பட்டறைப் பாதுகாப்பைப் பற்றி எழுதுவதற்கு இதுவே காரணம். அந்தப் பாதுகாப்புக்கு வேண்டிய பழக்கங்கள் நம் வகுப்பறையில்தான் உருவாக வேண்டும்.

சட்டத்தின் பார்வை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18 வயது நிறையாதவர்கள் மீது தனிக் கவனம் வைத்தது. ஆபத்தான எந்திரத்தில் அவர்களை நிறுத்துமுன் அதன் ஆபத்துகளையும் முன்னெச்சரிக்கைகளையும் முழுமையாக விளக்க வேண்டும். அவர்கள் போதிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் அல்லது எந்திரத்தை நன்கு அறிந்தவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது அதன் 23ஆம் பிரிவு. தொழிற்சாலையில் பயிற்சி பெறும் பழகுநர்களுக்கும் தொழிலாளர்களுக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்.

ஐ.டி.ஐ.யில் படிப்பவரோ தொழிலாளரும் அல்லர், பழகுநரும் அல்லர், அவர் மாணவர். ஆகவே அங்கே அவரைக் காப்பதில் நிலையத்தின் ஒழுங்குக்கும் பயிற்றுநரின் கண்காணிப்புக்கும் பெரும்பங்கு உண்டு. பாதுகாப்பு வகுப்பு நடந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது. எந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று அந்த மாணவர் செய்து காட்ட வேண்டும்.

ஐந்து படிகள்

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமும் கையுறையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பாதுகாப்புத் துறையினர் வகுத்துள்ள வரிசையில் அவை ஐந்தாவது படி.

1. ஆபத்தை நீக்குதல்: நடைபாதையின் குறுக்கே கிடக்கும் மின்கம்பியை அகற்றுவது.

2. மாற்றுதல்: பெட்ரோலில் பாகங்களைக் கழுவாமல், தீப்பற்றாத கரைசலைப் பயன்படுத்துவது.

3. தடுப்பு அமைத்தல்: சாணைக்கல்லுக்கு மூடி பொருத்துவது, கல்லுக்கும் கருவியைத் தாங்கும் மேடைக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதிருப்பது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது.

4. நடைமுறை: எந்திரம் முழுவதும் நின்ற பிறகே அளவெடுப்பது; சக் சாவியை உடனே கழற்றி வைப்பது.

5. தற்காப்பு அணிகள்: கண்ணாடி, காலணி, முகக்கவசம் முதலியன.

மேலுள்ள நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், பாதுகாப்பின் சுமை முழுவதும் மாணவரின் தலையில் ஏறுகிறது. அணிகளும் இடமறிந்து அணிய வேண்டியவை. லேத்திலும் துளையிடும் எந்திரத்திலும் கையுறையே ஆபத்து. சுழலும் பாகம் அதைப் பற்றிக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, விரித்த தலைமுடி, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான்.

வெல்டிங்கில் ஆபத்து உடனே தெரிவதில்லை. வில்லொளியில் உள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைத் தாக்குகிறது. அப்போது வலி இருக்காது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி நீர் வடியும். வெல்டிங் செய்பவருக்கு மட்டுமன்றி, அருகில் வேடிக்கை பார்ப்பவருக்கும் இது நேரும். அதனால்தான் வெல்டிங் இடத்தைச் சுற்றித் திரை கேட்கிறோம்; இது மேலே சொன்ன மூன்றாவது படி.

நாம் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்பில் கத்தரிக்கோலைப் பிடிப்பக்கமாக நீட்டித் தரப் பழக்கலாம். உயர்நிலை வகுப்பில் அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று சொல்வதோடு நிறுத்தாமல், வெளிப்படும் வெப்பத்தால் அமிலம் தெறிக்கும் என்ற காரணத்தையும் மாணவரையே சொல்ல வைக்கலாம். காரணம் புரிந்த பிள்ளை புதிய எந்திரத்தின் முன்னும் 'எது ஆபத்து?' என்று தேடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. "சார், மூடி இல்லை. நான் இதை இயக்க மாட்டேன்" என்று சொல்ல 15 வயதுப் பிள்ளைக்குத் துணிவு வேண்டும். கேள்வி கேட்டால் கேலிக்கு ஆளாகும் வகுப்பில் பத்து ஆண்டுகள் இருந்த பிள்ளைக்கு அந்தத் துணிவு திடீரென வராது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விரிசல் விட்ட சோதனைக்குழாய், தளர்ந்த பிளக், சிந்திய அமிலம் என எதைக் கண்டாலும் மாணவர்களே அதில் எழுதுவார்கள். எழுதியவரை யாரும் குறை சொல்வதில்லை. சரிசெய்த நாளை எதிரே நான் குறிக்கிறேன்.

உயர்கல்வி வழிகாட்டலுக்காக மாணவர்களை ஐ.டி.ஐ.க்கு அழைத்துச் செல்லும்போது நான்கு கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே? சுழலும் பாகங்களுக்கு மூடி உள்ளதா? முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது? தீயணைப்பான் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். அன்று உறுதிமொழி எடுத்த பிறகு, இதே கேள்விகளுடன் நம் பள்ளியின் ஆய்வகத்தையும் சத்துணவுக் கூடத்தையும் மாணவர்களோடு ஒருமுறை சுற்றிவரலாம்.