பென்ஷனுக்கு முகம் காட்ட வேண்டும்! தங்கவயல் முதியவர்களிடம் வந்திருக்கும் செயற்கை அறிவு

(நமது தங்கவயல் நிருபர்)

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் வெட்டியவர்கள், "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்பதை இப்போது ஒரு செல்போனுக்கு முகம் காட்டி நிரூபிக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்து "ஆம், இவர்தான்" என்று சொல்வது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர்.

"ஏ.ஐ." என்று எங்கும் பேச்சாக இருக்கிறதே, அந்தச் செயற்கை நுண்ணறிவின் ஒரு வேலைதான் இது. முகத்தை அடையாளம் காண்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, கடிதம் எழுதுவது போன்று மூளையால் செய்யும் காரியங்களை இயந்திரத்துக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

ரெயில் டிக்கெட் இணையதளத்தில் 2018 முதல் "ஆஸ்க் திஷா" என்ற இயந்திரம் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. பெங்களூர் விமான நிலையத்தில் 2022 டிசம்பரில், முகத்தைக் காட்டி உள்ளே போகும் வசதி வந்தது. கோவை அருகே மதுக்கரையில், தண்டவாளத்தை நோக்கி வரும் யானைகளைக் கேமரா மூலம் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏற்பாட்டை 2024-ல் தமிழக வனத்துறை தொடங்கியது.

சரி, மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் லயன் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு இதனால் என்ன?

வருடம் ஒரு முறை

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று வேலை இழந்தவர்களில் பலருக்கு இன்று பி.எப். பென்ஷன்தான் மருந்துக்கும் அரிசிக்கும் துணை. இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். தொகை சிறியது. ஆனால் அது நின்றால் அடுப்பில் தெரியும்.

பென்ஷன் தொடர வேண்டுமானால், வருடம் ஒரு முறை உயிர்வாழ் சான்று, அதாவது லைப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் "ஜீவன் பிரமாண்" வந்தபோது ஆதார் கைரேகையை வைத்தால் போதும் என்றார்கள். துளை மிஷினும் கல்லும் பிடித்துத் தேய்ந்த கைகளில் ரேகை எங்கே இருக்கும்? விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ஏற்காமல் திரும்பியவர்கள் உண்டு.

2021 நவம்பரில் முகம் பார்க்கும் முறை வந்தது. செல்போன் கேமரா முகத்தைப் படம் பிடிக்கிறது. இயந்திரம் அதை எண்களாக மாற்றி, ஆதாரில் உள்ள படத்தோடு ஒப்பிடுகிறது. எதிரே இருப்பது வெறும் போட்டோவா, உயிருள்ள ஆளா என்று பார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. பொருந்தினால் சான்று எண் செல்போனுக்கு வந்துவிடும்.

நன்மை உண்டு, தொல்லையும் உண்டு

படுத்த படுக்கையாக இருப்பவரை ஆட்டோவில் தூக்கிப் போக வேண்டியதில்லை. பேரன் தன் போனிலேயே முடித்துவிடலாம். இது பெரிய உதவி, மறுக்க முடியாது.

ஆனால் ஆதாரில் உள்ள படம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியதாக இருக்கலாம். பல் விழுந்து, கன்னம் ஒட்டி, நோயில் உருவமே மாறியவரை இயந்திரம் "இவர் அவரல்ல" என்று சொல்லிவிடலாம். தெருவே அறிந்த மனிதரை இயந்திரம் அறியாது என்றால் அவர் எங்கே போவார்?

அடையாளப் பிரச்சினை தங்கவயலுக்குப் புதிதல்ல. 1930-ல், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் புது முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. நம்மைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்கள் என்ற கொதிப்பு அன்று இருந்தது.

புது விஞ்ஞானமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துக்கே அது 1905-ல்தான் கிடைத்தது. எனவே இயந்திரம் வேண்டாம் என்பது நம் வாதமல்ல. அது தவறும்போது யாரிடம் முறையிடுவது என்பதுதான் கேள்வி.

பேரனுக்கும் அதே கேமரா

இது தாத்தாக்களோடு முடியவில்லை. விடியற்காலை ரெயில் பிடித்துப் பெங்களூர் போகும் பிள்ளைகளுக்கும் இதே கேமராதான். 2025 ஆகஸ்டு 1 முதல், புதிதாக வேலைக்குச் சேருகிறவர் பி.எப். கணக்கு எண் பெற "உமங்" செயலியில் முகம் காட்ட வேண்டும் என்று விதி வந்தது.

பட்டியல் தயாரிப்பது, கடிதம் அடிப்பது, போனில் பதில் சொல்வது ஆகிய வேலைகளை நம்பிப் போகும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் முதலில் கற்றுக்கொள்வது அந்த வேலைகளைத்தான். சுரங்க வேலை ஒன்றையே அறிந்திருந்த தலைமுறை 2001-ல் பட்ட பாட்டை நாம் கண்டோம். கையில் இரண்டாவது தொழில் ஒன்று இருப்பது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

பெரியவர்கள் ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பி.எப். பென்ஷன்காரர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாதத்திலும் சான்று கொடுக்கலாம், ஒரு வருடம் செல்லும். தபால்காரர் வீட்டுக்கே வந்து சான்று எடுக்கவும், அதன் செலவைப் பி.எப். நிறுவனமே ஏற்கவும் 2025 நவம்பரில் தபால் துறையின் பேமெண்ட்ஸ் வங்கியுடன் ஒப்பந்தமாகியிருக்கிறது. தபால் ஆபீசில் கேளுங்கள். போனில் கூப்பிட்டு "பென்ஷன் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்வேன். கம்ப்யூட்டர் "இல்லை" என்று காட்டும்போது, அதற்கு மேல் விசாரிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். முகம் பொருந்தாத முதியவர் நேரில் வந்து நின்றால், அவரைப் பார்த்துக் காகிதச் சான்றை ஏற்கும் வழி ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் திறந்திருக்க வேண்டும். தங்கவயலில் மாதம் ஒரு நாளாவது இதற்கென முகாம் நடத்தினால் பெரியவர்கள் அலைய வேண்டியிருக்காது.

அதிகாரிகள் கவனிப்பார்களா?